முதல் வண்டியாக ஸ்ப்ளெண்டர் பிளஸ் சரிப்படுமா?

கியர் வண்டிக்கு லைசென்ஸ் எடுக்கும் வயது வந்ததும் வீட்டில் இரண்டு கட்சி உருவாகிவிடும். பிள்ளை ஆர்15, ஹண்டர், ரைடர் என்று பட்டியல் வைத்திருக்கும். அப்பா ஸ்ப்ளெண்டர் என்பார், மைலேஜையும் மறுவிற்பனை விலையையும் காரணமாகச் சொல்வார். இரண்டும் சரியான காரணங்கள்தான். ஆனால் பழகப் போகிறவர் பெட்ரோல் செலவைவிட முதலில் பார்க்க வேண்டியது வேறு: வண்டியைத் தாங்கிப் பிடிக்க முடியுமா, நினைத்த இடத்தில் நிறுத்த முடியுமா, இரவில் அது சாலையைக் காட்டுமா. முதல் கேள்விக்கு ஸ்ப்ளெண்டர் பிளஸ் மிக நன்றாகத் தேறுகிறது. மற்ற இரண்டிலும் எந்த மாடலை எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே பதில் மாறும்.

1985-ல் வந்த ஹீரோ ஹோண்டா சி.டி.100 வண்டியின் 97.2 சி.சி. எஞ்சினின் வழிவந்தது இது. ஸ்ப்ளெண்டர் என்ற பெயரில் 1994-ல் வெளிவந்தது. 2020-ல் பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது கார்புரேட்டர் போய் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்தது. இன்றைய வண்டியின் சக்தி ஏறத்தாழ 8 குதிரைத்திறன், கியர் நான்கு, எடை 112 கிலோ, சீட் உயரம் 785 மி.மீ., டேங்க் 9.8 லிட்டர்.

இந்த எண்களில் பழகுபவருக்கு முக்கியமானவை எடையும் சீட் உயரமும்தான். புதிதாக ஓட்டுபவர்கள் வேகமாகப் போகும்போது விழுவதைவிட, நிற்கப் போகும் நேரத்தில்தான் அதிகம் விழுகிறார்கள். ஹேண்டில் சற்றுத் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைச் சட்டென்று பிடித்தால் வண்டி அந்தப் பக்கம் சாயும். சாயத் தொடங்கிய முதல் சில டிகிரிக்குள் 112 கிலோ வண்டியைத் தொடையில் முட்டுக் கொடுத்து நிறுத்திவிடலாம். 181 கிலோ ஹண்டர் 350-ல் அதே தவறு நடந்தால் வண்டி தரைக்குப் போய்விடும், சில சமயம் காலும் அடியில் மாட்டும். ஆர்15-ன் எடை 142 கிலோவை ஒட்டியது, ஆனால் சீட் 815 மி.மீ. உயரத்தில் இருக்கிறது, கைப்பிடி தாழ்ந்திருக்கிறது. யு-டர்ன் அடிக்கும்போது உடம்பு முன்னால் தொங்கிக்கொண்டு இருப்பதால் மெதுவேகச் சமநிலை பழக அது தோதான வண்டி இல்லை.

ஷோரூமில் இதைச் சோதித்துப் பார்க்கும் முறை எளிது. வழக்கமாகப் போடும் செருப்பையோ ஷூவையோ அணிந்தபடி உட்காருங்கள். இரண்டு காலின் முன்பாதமும் ஒரே நேரத்தில் அழுந்தத் தரையில் பட வேண்டும். பிறகு இறங்கி, இடப்பக்கம் நின்று, நியூட்ரலில் பத்தடி முன்னும் பத்தடி பின்னும் தள்ளிப் பாருங்கள். சென்டர் ஸ்டாண்டில் நீங்களே ஏற்றி இறக்குங்கள். ஸ்டாண்டின் கொம்பில் வலது காலை வைத்து உடம்பு எடையை முழுக்க அதில் இறக்க வேண்டும், கையால் தூக்கக் கூடாது. இதில் எது முடியவில்லையோ அது நாளை வீட்டு வாசலிலும் முடியாது.

எஞ்சின் சாதுவானது. கிளட்சை மெல்ல விட்டாலே ஆக்ஸிலேட்டர் தொடாமல் முதல் கியரில் ஊர்ந்து போகும் அளவுக்கு அடிவேக இழுவை இருக்கிறது. கிளட்ச் பழக இதைவிட நல்ல வண்டி கிடைப்பது அரிது. பதற்றத்தில் ஆக்ஸிலேட்டரை முறுக்கிவிட்டாலும் வண்டி துள்ளும், அவ்வளவுதான், கையை விட்டு ஓடாது. ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் என்பதால் சோக் இழுக்கும் வேலையும் இல்லை, மார்கழிக் காலையிலும் உடனே எடுக்கும்.

கியர் போடும் முறையை மட்டும் கவனமாகப் புரிந்துகொள்ளுங்கள். ஸ்ப்ளெண்டரில் நியூட்ரலுக்குப் பிறகு முன் பெடலை மிதிக்க மிதிக்க 1, 2, 3, 4 என்று ஏறும், குதிகாலால் பின் பெடலை மிதித்தால் இறங்கும். பல்சர் 150, ரைடர் போன்ற வண்டிகளில் முதல் கியர் மட்டும் கீழே, மற்றவை பெடலைக் கால்விரலால் மேலே தூக்கினால் விழும். ஸ்ப்ளெண்டரில் பழகிய கால், நண்பரின் பல்சரில் மூன்றாவது கியரில் போகும்போது அடுத்த கியர் என்று நினைத்து முன்னால் மிதித்தால் இரண்டாவது விழுந்துவிடும். பின் சக்கரம் சட்டென்று இறுகி வழுக்கும், வளைவில் என்றால் விழுவது உறுதி. வேறு யாருடைய வண்டியையாவது எடுக்கும்போது, நின்ற இடத்திலேயே ஒருமுறை எல்லா கியரையும் போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

ஐ3எஸ் என்றொரு வசதி இருக்கிறது. சிக்னலில் நியூட்ரலில் சில விநாடி நின்றால் எஞ்சின் தானே அணையும், கிளட்சைப் பிடித்ததும் தானே எடுக்கும். பெட்ரோலுக்கு நல்லது. ஆனால் எஞ்சின் நின்றது தன் தவறாலா, வண்டியின் வேலையா என்று பழகுபவருக்குக் குழப்பம் வரும். முதல் ஒரு மாதம் அதன் சுவிட்சை அணைத்து வையுங்கள்.

இனி குறைக்கு வருவோம். சாதாரண ஸ்ப்ளெண்டர் பிளஸில் முன்னும் பின்னும் 130 மி.மீ. டிரம் பிரேக். ஐ.பி.எஸ். என்று ஹீரோ நிறுவனம் அழைக்கும் இணைப்பு பிரேக் இருக்கிறது: காலால் பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் ஓரளவு சேர்ந்து பிடிக்கும். காலை மட்டுமே நம்பி நிறுத்தும் பழக்கம் இங்கே பரவலாக இருப்பதால் இது பயனுள்ள ஏற்பாடு. ஆனால் சக்கரம் இறுகி வழுக்குவதை இது தடுக்காது. அதைத் தடுப்பது ஏ.பி.எஸ். 2019 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏ.பி.எஸ்., 125 வரை உள்ளவற்றுக்கு இணைப்பு பிரேக் இருந்தால் போதும் என்ற பிரிவில்தான் ஸ்ப்ளெண்டர் வருகிறது.

டிரம் பிரேக்கின் சிக்கல் மழையில் தெரியும். முழங்கால் தண்ணீரில் வண்டி ஓட்டிவிட்டு வெளியே வந்தால் டிரம்முக்குள் நீர் புகுந்து, உள்ளே இருக்கும் பிரேக் ஷூ பிடிக்காமல் வழுக்கும். முதல் இரண்டு மூன்று பிரேக் வெறும் மிதியாகப் போகும். தண்ணீரைத் தாண்டியதும் பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்துவிட்டு, மெதுவாக ஓட்டியபடியே இரண்டு பிரேக்கையும் லேசாகப் பிடித்து ஐம்பது அறுபது மீட்டர் போங்கள். சூட்டில் ஈரம் போய் பிடிமானம் திரும்பும். டிரம்முக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது: ஷூ தேயத் தேய லீவர் தொய்ந்துபோகும். முன் லீவரில் 10 முதல் 20 மி.மீ., பின் பெடலில் 20 முதல் 30 மி.மீ. ஆட்டம் இருக்கும்படி நட்டைத் திருகி வைக்க வேண்டும். டிரம்முக்கு வெளியே உள்ள பிரேக் ஆர்மில் ஒரு அம்புக்குறி இருக்கும். பிரேக் பிடித்த நிலையில் அது தட்டில் உள்ள குறியைத் தொட்டுவிட்டால் திருகிப் பயனில்லை, ஷூவையே மாற்ற வேண்டும்.

ஸ்ப்ளெண்டர் பிளஸின் எக்ஸ்டெக் வரிசையில் முன் டிஸ்க் பிரேக் உள்ள மாடல் கிடைக்கிறது. முதல் வண்டி வாங்குபவர்களுக்கு எங்கள் பரிந்துரை அதுதான். டிஜிட்டல் மீட்டருக்கோ புளூடூத்துக்கோ கூடுதல் பணம் தர வேண்டிய அவசியம் இல்லை, டிஸ்க்குக்குத் தாராளமாகத் தரலாம். எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு பிடிக்கிறது என்பது விரலுக்குத் தெரிவதால் பிரேக் பழகுவதே எளிதாகும். எக்ஸ்டெக்கில் சைடு ஸ்டாண்டு இறங்கியிருந்தால் எஞ்சின் ஓடாது. ஸ்டாண்டை மடக்க மறந்து முதல் இடது வளைவில் விழுவது புதியவர்களுக்கு அடிக்கடி நேர்வதால் இதையும் நாங்கள் பாதுகாப்புக் கணக்கில் சேர்க்கிறோம்.

அடுத்த குறை விளக்கு. சாதாரண மாடலின் ஹெட்லைட் 35 வாட் ஹாலஜன். தெருவிளக்குள்ள ஊருக்குள் போதும், விளக்கில்லாத கிராமச் சாலையில் 40-க்கு மேல் போனால் குழி தெரியும்போது குழிக்குள் இருப்பீர்கள். சரிசெய்கிறேன் என்று 100 வாட் பல்பு மாட்டுபவர்கள் இருக்கிறார்கள். சூட்டில் ஹோல்டர் உருகும், ஒயர் கருகும், எதிரே வருபவர் கண் கூசி உங்கள் மேலேயே ஏற்றுவார். எக்ஸ்டெக் 2.0-ல் எல்.இ.டி. ஹெட்லைட் வருகிறது. இரவில் வேலை முடிந்து வருபவர்கள் இரண்டு மாடலையும் இருட்டிய பிறகு ஷோரூம் வாசலில் எரியவிட்டு ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யலாம்.

18 அங்குலச் சக்கரம் குழி, மேடு, ஸ்பீட் பிரேக்கர் எல்லாவற்றையும் நிதானமாக ஏறி இறங்கும். டயர் 80/100, ஒல்லி. ஊருக்குள் இலகுவாகத் திரும்பும், ஆனால் நெடுஞ்சாலையில் பஸ் முந்தும்போது அடிக்கும் காற்றில் வண்டி ஆடுவது நன்றாகத் தெரியும். 60-ஐத் தாண்டினால் எஞ்சின் சிரமப்படுவதும் கால்வைக்கும் இடத்தில் நடுக்கமும் தெரியும். தினமும் ஜி.எஸ்.டி. ரோடு, ஸ்ரீபெரும்புதூர் சாலை மாதிரியான நான்குவழிச் சாலையில் 30 கி.மீ. போய்வர வேண்டியவருக்கு ஸ்ப்ளெண்டரைப் பரிந்துரைக்க மாட்டோம். லாரிகளின் வேகத்தோடு ஒத்துப்போக முடியாத வண்டி அங்கே ஆபத்து. அவர்கள் டிஸ்க் பிரேக் உள்ள 125 சி.சி.க்குப் போகலாம். ரைடரில் ஐந்து கியர், 11 குதிரைத்திறனுக்குச் சற்று மேல், சீட் 780 மி.மீ., எடை 123 கிலோ. உயரம் குறைந்தவர்களுக்கும் ஏற்றது. ஊருக்குள் மட்டும் ஓட்டுபவர், எடை இன்னும் குறைய வேண்டும் என்றால் 99 கிலோ ஷைன் 100 இருக்கிறது. அதில் முன் டிஸ்க் மாடல் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

வாங்கும் நேரம்

ஷோரூம் விலையைக் கேட்டுவிட்டு பட்ஜெட் போடாதீர்கள், ஆன்ரோடு விலையைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் 1 லட்சம் ரூபாய் வரையிலான புதிய இருசக்கர வாகனத்துக்கு ஆயுள் வரி 10 சதவீதம், அதற்கு மேல் 12. மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் 5 ஆண்டுக்குச் சேர்த்தே கட்ட வேண்டும். வண்டி ஓட்டுபவருக்கான 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு வேறொரு பாலிசியில் ஏற்கெனவே இருந்தால் மறுபடி தேவையில்லை. டெஃப்லான் கோட்டிங், மேட், ஸ்டிக்கர், டேங்க் கவர் எல்லாவற்றையும் வேண்டாம் என்று சொல்லலாம். கிராஷ் கார்டு மட்டும் முதல் நாளே மாட்டிக்கொள்ளுங்கள். பழகும்போது வண்டி சாய்ந்தால் காலையும் லீவரையும் காப்பது அதுதான். சேலை கார்டைக் கழற்றச் சொல்லாதீர்கள்.

டெலிவரி நாளில் வண்டியை வெயிலில் நிறுத்திப் பாருங்கள். இன்வாய்ஸில் உள்ள சேஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் பொறித்ததோடு பொருந்த வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டு வாரம், பின் இரண்டு ஆண்டு. ஒரு வருடத்துக்கு மேல் பழைய டயர் என்றால் வண்டி குடோனில் கிடந்திருக்கிறது, அப்போது பேட்டரியையும் சோதிக்கச் சொல்லுங்கள். ஹேண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பும்போது கேபிள் இழுபடக் கூடாது, எஞ்சின் சத்தம் ஏறக் கூடாது. சாவி இரண்டு, டூல் கிட், வாரண்டி புத்தகம் கைக்கு வந்த பிறகு கையெழுத்து போடுங்கள்.

ஹெல்மெட்டும் அன்றே வேண்டும். வண்டியோடு ஹெல்மெட் தர வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி சொல்கிறது, கேட்டு வாங்குங்கள். ஆனால் அது உங்கள் தலைக்குப் பொருந்தாவிட்டால் தினமும் போட வேறு வாங்கத் தயங்க வேண்டாம். தையல் டேப்பால் புருவத்துக்குச் சற்று மேலே தலையைச் சுற்றி அளந்தால் வரும் சென்டிமீட்டர்தான் சைஸ். முழுமுகம் மூடும் ஹெல்மெட்டாகப் பாருங்கள். போட்டதும் கன்னம் லேசாக அமுங்க வேண்டும். ஹெல்மெட்டைக் கையால் பிடித்துக்கொண்டு தலையைத் திருப்பினால் கன்னத் தோலும் சேர்ந்து நகர வேண்டும். ஸ்ட்ராப்பை மாட்டிக்கொண்டு, பின்னாலிருந்து மேல்நோக்கித் தள்ளினால் கழன்று முன்னே வரக் கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ஐ.எஸ். 4151 என்ற எண்ணும் சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். முத்திரை மட்டும் இருந்து உரிம எண் இல்லாத ஸ்டிக்கர் ஹெல்மெட் சாலையோரத்தில் மலிவாகக் கிடைக்கும், அதைத் தொடாதீர்கள். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டின் உள் தெர்மாக்கோல் அமுங்கியிருக்கும். வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் அடுத்த அடியைத் தாங்காது.

பழகும் முறை

எல்.எல்.ஆர். எனும் பழகுநர் உரிமம் கையில் வந்த பிறகே சாலையில் இறங்கலாம். அது ஆறு மாதம் செல்லும், 30 நாள் கழித்து லைசென்ஸ் டெஸ்ட்டுக்குப் போகலாம். எல் போர்டு முன்னும் பின்னும் வேண்டும். பழக்குபவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. டெஸ்ட்டுக்கு ஸ்கூட்டியில் போய் எட்டு போட்டால் கியர் இல்லாத வண்டிக்கான லைசென்ஸ்தான் கிடைக்கும், பைக்கோடு போங்கள். 18 வயது ஆகாத பிள்ளையிடம் சாவி கொடுத்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் சட்டத்தில் இருக்கிறது.

இடத்துக்கு, விடுமுறை நாளில் பள்ளி மைதானமோ, வீடு எழும்பாத மனைப்பிரிவின் தார்ச்சாலையோ போதும். மனைப்பிரிவுச் சாலை ஓரங்களில் மணல் படிந்திருக்கும், முதலில் நடந்து பார்த்துவிட்டு ஓட்டுங்கள். பழக்குபவர் பின்னால் உட்காராமல் தரையில் நிற்பது நல்லது. பின்னால் இருப்பவர் பயந்து ஹேண்டிலைப் பிடிப்பதாலேயே விழுந்த வண்டிகள் ஏராளம்.

முதல் நாள் முழுக்கக் கிளட்ச் மட்டும். முதல் கியர் போட்டு, ஆக்ஸிலேட்டர் தொடாமல், கிளட்சை நூல் நூலாக விடுங்கள். ஓரிடத்தில் எஞ்சின் சத்தம் தாழ்ந்து வண்டி முன்னே நகரப் பார்க்கும். அங்கே இரண்டு விநாடி நிறுத்திப் பிடித்துவிட்டு மறுபடி முழுக்க இழுங்கள். முப்பது நாற்பது தடவை இதைச் செய்தால் அந்த இடம் விரலுக்குத் தெரிந்துவிடும். வண்டி ஆஃப் ஆவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: நகரத் தொடங்கியதும் சந்தோஷத்தில் கிளட்சை விட்டுவிடுவது. நகர்ந்த பிறகும் ஒரு வண்டி நீளம் வரை பாதியிலேயே பிடித்திருங்கள்.

அடுத்தது நிற்பது. வேகம் போகும் முன்பே நிற்கப் பழக வேண்டும் என்பதில் நாங்கள் பிடிவாதமாக இருக்கிறோம். 15 கி.மீ. வேகத்தில், ஹேண்டில் நேராக, பார்வை தூரத்தில், இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி, கடைசி நொடியில் கிளட்ச் பிடித்து, இடது காலை மட்டும் ஊன்றி நில்லுங்கள். வலது கால் பின் பிரேக்கிலேயே இருக்கட்டும். இரண்டு காலையும் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பவர் பின் பிரேக்கை இழந்து முன் பிரேக்கை மட்டும் பிடிக்கிறார், அப்போதுதான் வண்டி சாய்கிறது. எண்ணி இருபது முறை ஒரே கோட்டில் நிற்க வந்த பிறகு இரண்டாவது, மூன்றாவது கியருக்குப் போகலாம். ஏறத்தாழ 15-ல் இரண்டாவது, 25-ல் மூன்றாவது, 40-ஐ ஒட்டி நான்காவது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்காவதில் 20-க்கு இறங்கினால் எஞ்சின் தட்டும், அதுவே கியரைக் குறைக்கச் சொல்லும் குறி.

எட்டு போடுவதில் பலர் தோற்பதற்குக் காரணம் முன் சக்கரத்தைப் பார்ப்பது. கண் எங்கே போகிறதோ வண்டி அங்கே போகும், தரையைப் பார்த்தால் தரைக்குத்தான். முதல் கியர், கிளட்ச் பாதி, ஆக்ஸிலேட்டர் சீராக, பின் பிரேக்கில் மிக லேசான அழுத்தம். பின் பிரேக் வண்டியைப் பின்னால் இழுத்துப் பிடிப்பதால் மெதுவேகத்தில் ஆட்டம் குறையும். தலையை அடுத்த வளைவை நோக்கித் திருப்புங்கள். கால் தரையில் பட்டால் டெஸ்ட்டில் தோல்வி. ஸ்ப்ளெண்டரின் சக்கர இடைவெளி 1236 மி.மீ. மட்டுமே என்பதால் இறுக்கமான வளைவிலும் திரும்பும், இந்த வண்டியில் எட்டு வராவிட்டால் குறை பழக்கத்தில்தான்.

அவசர பிரேக்கைத் தனியாகப் பழகாமல் பலர் லைசென்ஸ் வாங்கிவிடுகிறார்கள். நாய் குறுக்கே வரும் நாளில் முதல் தடவையாகச் செய்துபார்க்கிற வேலையா அது? கணக்கைப் பாருங்கள். ஆபத்தைக் கண்டு கை பிரேக்குக்குப் போக ஒரு விநாடி என்றும், பழகியவர் காய்ந்த தாரில் பிடிக்கும் அளவான பிரேக் என்றும் வைத்தால், 40 கி.மீ. வேகத்தில் நிற்க மொத்தம் 23 மீட்டர் வேண்டும். 60-ல் 44 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்கு, தூரம் ஏறத்தாழ இரண்டு மடங்கு. மைதானத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, 30-ல் தொடங்கி 40 வரை, கோட்டைத் தொட்டதும் பிரேக் பிடித்து எத்தனை தப்படியில் நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். முன் லீவரை வெடுக்கென்று பிடிக்கக் கூடாது. முதலில் லேசாக, எடை முன்னே வந்து ஃபோர்க் (முன் ஷாக்) அமுங்கிய பிறகு கூட்டி அழுத்த வேண்டும், ஈரத்துணியைப் பிழிவது போல. பின் சக்கரம் கிறீச்சிட்டு வழுக்கினால் பெடலைச் சற்றுத் தளர்த்துங்கள். முன் சக்கரம் வழுக்கினால் அந்த நொடியே லீவரை விட்டுவிட்டு மறுபடி பிடியுங்கள். மணல், சாணி, மழை பெய்த முதல் பத்து நிமிடச் சாலை, ஈரமான வெள்ளைக் கோடு இவற்றில் முன் பிரேக்கைக் கடுமையாகப் பிடித்தால் காப்பாற்ற முடியாது. அங்கே பிரேக் முன்கூட்டியே, வண்டி நேராக இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும்.

கெட்ட பழக்கங்கள் முதல் வாரத்திலேயே ஒட்டிக்கொள்ளும். கிளட்ச் மீது எப்போதும் இரண்டு விரல் வைத்து ஓட்டினால் தட்டு வழுக்கித் தேயும், எஞ்சின் கத்தும், வண்டி போகாது. வலது பாதத்தைப் பின் பெடல் மேல் சாய்த்து வைத்தால், இணைப்பு பிரேக் என்பதால் இரண்டு சக்கரமும் உரசிக்கொண்டே போகும். டிரம் சூடாகும், பிரேக் லைட் நிரந்தரமாக எரிவதால் பின்னால் வருபவருக்கு நீங்கள் நிற்கப் போவது தெரியாது. இறக்கத்தில் நியூட்ரல் போட்டு உருட்டினால் பெட்ரோல் மிச்சம் என்பது பழைய நம்பிக்கை. ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் கியரில் ஆக்ஸிலேட்டரை விட்டு இறங்கும்போது பெட்ரோல் ஏறத்தாழ நின்றே விடுகிறது, எஞ்சினும் வண்டியைப் பிடித்து இழுக்கிறது. 70 கொண்டை ஊசி வளைவுள்ள கொல்லிமலை மாதிரியான இடத்தில் நியூட்ரலில் இறங்கினால் பாதி வழியிலேயே டிரம் சூடேறிப் பிடிமானம் போய்விடும். இரண்டாவது கியரில் இறங்குங்கள்.

சாலைக்கு முதலில் காலை ஐந்தரை, ஆறு மணி. நின்றிருக்கும் பஸ்ஸின் முன்பக்கத்திலிருந்து ஆள் ஓடிவருவார், நிறுத்திய காரின் கதவு திறக்கும், ஷேர் ஆட்டோ சிக்னல் இல்லாமல் ஓரம் கட்டும். காரை ஒட்டிப் போகாமல் ஒரு கதவின் அகலம் விலகிப் போங்கள், பஸ்ஸை இடப்பக்கம் முந்தவே முந்தாதீர்கள். ஒரு மாதம் தனியாக ஓட்டி, லைசென்ஸும் வந்த பிறகு பின்னால் ஆள் ஏற்றலாம். ஏற்றினால் நிற்கும் தூரம் கூடும், ஹெட்லைட் மேலே தூக்கும், முன் சக்கரம் லேசாகும். பின் ஷாக்கில் ஐந்து நிலை இருக்கிறது, எடைக்குத் தக்கபடி கூட்டி வையுங்கள். அம்மா ஒரு பக்கமாக உட்காருபவர் என்றால் இடப்பக்கம் எடை இழுக்கும், ஸ்பீட் பிரேக்கரில் முழுக்க வேகம் குறைக்க வேண்டும். முந்தானையும் துப்பட்டாவும் மடியில் செருகியிருக்கிறதா என்று கிளம்பும் முன் திரும்பிப் பாருங்கள். பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயம்.

பராமரிப்பு சுருக்கமானது. முதல் சர்வீஸ் 500 முதல் 750 கி.மீ.க்குள், அதுவரை ஆக்ஸிலேட்டரை முழுக்க முறுக்க வேண்டாம். ஆயில் 10டபிள்யூ-30, இரண்டு சர்வீஸுக்கு நடுவிலும் மாதம் ஒருமுறை அளவு பாருங்கள். டயர் காற்று முன்னே 25 பி.எஸ்.ஐ., தனியாகப் போனால் பின்னே 28. ஆள் ஏற்றும்போது எவ்வளவு என்பது வண்டியில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும், அதைப் பின்பற்றுங்கள். செயின் முழுக்க மூடிய கவருக்குள் இருப்பதால் தூசி படாமல் நீண்ட நாள் வரும், ஆனால் கண்ணில் படாததால் மறந்தும்போகும். கவரில் உள்ள ரப்பர் மூடியைக் கழற்றி விரலால் தூக்கிப் பாருங்கள், 20 முதல் 30 மி.மீ. தொய்வு இருக்கலாம்.

பழைய ஸ்ப்ளெண்டர் வாங்கிப் பழகுவதும் நல்ல யோசனைதான், விழுந்தாலும் மனம் பதறாது. ஆர்.சி.யில் உள்ள எண்களை வண்டியோடு ஒப்பிட்டு, மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் அபராதம் பாக்கியும் வங்கிக் கடனும் இருக்கிறதா என்று பாருங்கள். கடன் இருந்து தீர்ந்திருந்தால் 35-ஆம் படிவமும், பெயர் மாற்ற 29, 30 ஆகிய படிவங்களும் வேண்டும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி முன் சக்கரம் தூக்கியிருக்க ஹேண்டிலை மெல்லத் திருப்புங்கள். நடுவில் சிக்கினால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) போய்விட்டது. ஃபோர்க்கின் கீழே எண்ணெய்க் கசிவு, செயின் ஓடும் ஸ்பிராக்கெட் சக்கரத்தின் பல் கொக்கி போல வளைந்திருப்பது, ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது நீலப்புகை, இவை மூன்றும் செலவு. முதல் இரண்டு சின்னது, மூன்றாவது எஞ்சின் வேலை, அந்த வண்டியை விட்டுவிடுங்கள். மற்றபடி பிடித்திருந்தால் இரண்டு டயர், இரண்டு ஜோடி பிரேக் ஷூ, கிளட்ச் கேபிள் ஆகியவற்றின் விலையைப் பக்கத்து மெக்கானிக்கிடம் கேட்டுக்கொண்டு, அதைக் கழித்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.